ஒட்டுண்ணிக்கு ஏன் இத்தனை வேஷம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள். மலேரியா, ஈரல் தட்டைப்புழு, நாடாப்புழு மூன்றின் வாழ்க்கைச் சுழற்சியையும் அம்புக்குறி அம்புக்குறியாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினீர்கள், அடுத்த வாரமே எல்லாம் மறந்துவிட்டது. இத்தனை நிலைகள் எதற்கு, இதற்குள் ஏதாவது தர்க்கம் உண்டா, காய்ச்சலில் நடுங்குவது மனிதனாக இருக்கும்போது அவனை 'இடைநிலை ஓம்புயிர்' (ஓம்புயிர் என்றால் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிர்) என்றும், ஜாலியாகப் பறந்து திரிகிற கொசுவை 'இறுதி ஓம்புயிர்' என்றும் ஏன் சொல்கிறார்கள் என்கிறீர்கள். எனக்குப் பட்டவரை, சிக்கல் நிலைகளின் எண்ணிக்கையில் இல்லை. இந்தச் சுழற்சியில் இனப்பெருக்கம் எந்த இடத்தில் நடக்கிறது, அது எந்த வகை என்பது பாடப்புத்தகப் படத்தில் தெரிவதே கிடையாது. எல்லா அம்பும் ஒரே தடிமனில் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக ஒட்டுண்ணியியல் செய்முறை வகுப்பு எடுத்துவருகிறேன், வருஷாவருஷம் இதே இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே: நான் மருத்துவர் இல்லை. மருந்தின் பெயர் எங்காவது வந்தால் அது உயிரியலை விளக்குவதற்குத்தான், யாரும் அதை வைத்துச் சிகிச்சை பார்க்க வேண்டாம்.

பெயர்களை எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியிலும் இரண்டே கேள்வி கேளுங்கள். இங்கே எண்ணிக்கை கூடுகிறதா? இங்கே ஆணும் பெண்ணும் கூடுகின்றனவா? இரண்டும் ஒன்றல்ல என்பது பலருக்கு முதலில் உறைப்பதில்லை. மலேரியாக் கிருமியில் ஆணும் பெண்ணும் சேரும்போது இரண்டு செல் ஒன்றாகிறது, அதாவது எண்ணிக்கை குறைகிறது. பெருக்கம் அதற்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறது. பல நிலைகளில் இரண்டுக்குமே பதில் 'இல்லை' என்று வரும். அவை வெறும் பயணம், அல்லது காத்திருப்பு, அல்லது உடை மாற்றம். ஈரல் தட்டைப்புழுவின் மெட்டாசெர்கேரியா அப்படிப்பட்டது. வாலை உதறிவிட்டு, ஒரு புல் தாளில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு ஆடோ மாடோ வந்து மேயக் காத்திருக்கும், அவ்வளவுதான். அதன் பெயரை மறந்தாலும் கதை ஓடும்.

இப்போது மலேரியாவை எடுத்துக்கொள்வோம். கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் ஸ்போரோசோயிட்கள் சில பத்துகள்தான், மிஞ்சினால் நூறு சொச்சம். அதில் ஈரலைச் சென்றடைவது இன்னும் குறைவு. ஆனால் ஈரல் செல்லுக்குள் நுழைந்த ஒன்றே ஒன்று ஒரு வாரம் போல உள்ளே இருந்து பல்லாயிரம் மீரோசோயிட்களாக வெடித்து வெளிவருகிறது. கூடல் எதுவும் இல்லை, வெறும் நகலெடுப்பு. அப்புறம் சிவப்பணுக்களில் அடுத்த சுற்று: ஃபால்சிபாரம் வகையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிருமியும் பதினாறு முதல் முப்பது சொச்சம் வரை ஆகிறது. குளிரும் காய்ச்சலும் இந்தச் சுற்றால்தான். இதுவும் பாலிலா இனப்பெருக்கம்தான். இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறு பங்கு மட்டும் பாதை மாறுகிறது, பிரிவதை நிறுத்திவிட்டு ஆண், பெண் கேமீட்டோசைட்களாக, அதாவது இனச்செல்லாகப் போகிற செல்களாக, முதிர்கிறது. இந்தத் திருப்பத்துக்கு ஏபி2-ஜி என்ற ஒரு மரபணு சாவியாக இருப்பதை 2014-இல் காட்டினார்கள். ஃபால்சிபாரத்தில் இந்த முதிர்ச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதில் பெரும்பகுதியை எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் ஒளிந்தே கழித்துவிட்டு, கடைசியில் வாழைப்பழ வடிவில் இரத்தத்துக்கு வருகிறது. வந்து என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. பிரிவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, காத்திருக்கிறது.

எதற்குக் காத்திருக்கிறது என்பதை என் மாணவர்களுக்குப் புறாவின் இரத்தத்தில் காட்டுவேன். மனித மலேரியாவைச் சாதாரண வகுப்பறையில் வைத்துக்கொண்டு விளையாட முடியாது. புறாக்களில் ஹீமோபுரோட்டியஸ் என்ற நெருங்கிய உறவுக்காரக் கிருமி மிகச் சாதாரணம், அதன் நகலெடுப்பு எல்லாம் நுரையீரல் போன்ற உறுப்புகளின் இரத்தக்குழாய்ச் சுவரில் முடிந்துவிடுவதால் இரத்தத்தில் தெரிவது கேமீட்டோசைட் மட்டுமே, குழப்பம் இல்லை. பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு அல்லவா, அந்த உட்கருவை அணைத்தபடி வளைந்து கிடக்கும். ஒரு சொட்டு இரத்தத்தைச் சாயம் எதுவும் போடாமல் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் மூடி, ஓரத்தில் வாஸ்லின் தடவிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் சில நிமிடம் எதுவும் நடக்காது, பையன்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். பிறகு ஏதோ ஒரு மூலையில் ஒரு செல் உருண்டையாகி உறையை விட்டு வெளியே வரும், உள்ளே துகள்கள் கொதிப்பதுபோல் துள்ளும், திடீரென்று சவுக்கு வீசுகிற மாதிரி நாலாபுறமும் இழைகள் வெளியே பாயும். அந்த இழைகள் கண்ணுக்குச் சட்டென்று தென்படாது, சுற்றியிருக்கும் சிவப்பணுக்கள் குலுங்குவதை வைத்துத்தான் முதலில் பிடிபடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓர் ஆண் கேமீட்டோசைட் தன் மரபுப்பொருளை மூன்று முறை இரட்டித்து எட்டு ஆண் இனச்செல்லாகிவிடுகிறது. இத்தனை வேகமான செல் வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிடத்தில் ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்க மனம் வராது.

1880 நவம்பர் 6 அன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் லவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் பார்த்ததும் இதைத்தான். மலேரியா நோயாளியின் புத்தம்புது இரத்தத்தில் இழைகள் துடிப்பதைக் கண்டு, இது உயிருள்ள ஒன்று என்று உறுதி கொண்டார். ஆனால் தான் பார்த்தது ஆண் இனச்செல் என்று அவருக்குத் தெரியாது. 1897-இல் மெக்கல்லம் என்ற மாணவர், காகத்தின் இரத்தத்தில் அந்த இழை ஒன்று பெண் செல்லுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் நிறமித் துகள்களோடு உருண்டைகளைக் கண்டார். அவை அந்தச் சேர்க்கைக்குப் பிந்தைய ஊசிஸ்ட்கள். ஈரல் கட்டம் மனித மலேரியாவில் உண்டு என்று ஷார்ட்டும் கார்ன்ஹாமும் காட்ட 1948 ஆகிவிட்டது. நீங்கள் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்ய முயன்றதைக் கண்டுபிடிக்க அறுபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது, மறந்துபோனதற்கு வருத்தப்பட வேண்டாம்.

சரி, கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நம் உடலிலிருந்து வெளியே வந்ததும் வெப்பம் ஐந்து டிகிரி போலக் குறைகிறது, கூடவே கொசுவில் இருக்கும் சாந்தூரெனிக் அமிலம் என்ற பொருள் தூண்டுகிறது. 1998-இல் அடையாளம் கண்டார்கள். ஆண் செல்லும் பெண் செல்லும் கொசுவின் வயிற்றில் சேர்கின்றன, கருமுட்டையில் உடனேயே குன்றல் பகுப்பு (குரோமோசோம் தொகுதி பாதியாகும் பிரிவு) நடக்கிறது, அது கொசுவின் குடல் சுவரைத் துளைத்து ஊசிஸ்ட் ஆகிறது, ஒவ்வொரு ஊசிஸ்டிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஸ்போரோசோயிட்கள். ஆக, மனிதனுக்குள் இருக்கும் மலேரியாக் கிருமி எல்லாமே ஒற்றைத் தொகுதி குரோமோசோம் கொண்டவை. இரட்டைத் தொகுதியாக இருப்பது கொசுவுக்குள் அந்தச் சில மணி நேரம்தான்.

உங்கள் 'இடைநிலை' கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பாலினப்பெருக்கம் எந்த உயிருக்குள் நடக்கிறதோ அது இறுதி ஓம்புயிர். யார் அதிகம் கஷ்டப்படுகிறார்கள், யார் உடலில் கிருமி அதிகம், யார் பெரிய பிராணி என்பதற்கெல்லாம் இந்தப் பெயரில் இடமே இல்லை. இது ஒரு மரபு, நாம் வைத்த பெயர். என் சொந்த அபிப்பிராயம், இந்தச் சொற்கள் புழுக்களுக்காக உருவானவை, அங்கே கச்சிதமாகப் பொருந்தும், மலேரியாவுக்குக் கொண்டுவந்தபோது தலைகீழாக நிற்கிறது. பரீட்சையில் மட்டும் மரபுப்படியே எழுதுங்கள்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. காய்ச்சலுக்குக் காரணம் நகலெடுக்கும் நிலை, கொசுவுக்குத் தொற்றுவது கேமீட்டோசைட். எனவே காய்ச்சல் இறங்கிய நோயாளி வேறு, தொற்று பரப்பாத நோயாளி வேறு. ஃபால்சிபாரத்தில் முதிர்ந்த கேமீட்டோசைட்டைப் பல மருந்துகள் தொடுவதில்லை என்பதால்தான் பிரைமாகுயின் ஒரே ஒரு சிறு வேளை சேர்க்கப்படுகிறது. விவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகையில் கேமீட்டோசைட் சீக்கிரமே வந்துவிடும், நோயாளி மருந்து தேடிப் போகும் முன்பே கொசு எடுத்துப் போயிருக்கும். அதே விவாக்ஸில் ஈரலில் தூங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்து எழும் நிலையும் உண்டு, அது இனப்பெருக்கம் அல்ல, வெறும் தூக்கம். அதை அழிக்கவும் பிரைமாகுயின் தருகிறார்கள், ஆனால் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் பரிசோதனை செய்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது.

தட்டைப்புழுக்களுக்கு வருவோம். முட்டை, மிராசிடியம், ஸ்போரோசிஸ்ட், ரீடியா, செர்கேரியா, மெட்டாசெர்கேரியா என்று நீங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருப்பீர்கள். நம் இரண்டு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஆட்டின் பித்தக்குழாயில் வளர்ந்த புழு பாலினப்பெருக்கம் செய்து முட்டையிடுகிறது: கூடலும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. மிராசிடியம் வெறும் தூதன், சில மணி நேரத்துக்குள் நத்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் செத்துவிடும். நத்தைக்குள் ஸ்போரோசிஸ்ட்டும் ரீடியாவும் ஜெராக்ஸ் கடை. ஒரு மிராசிடியம் நுழைந்தால் நூற்றுக்கணக்கில் செர்கேரியாக்கள் (வால் உள்ள லார்வாக்கள்) வெளியே வரும், எல்லாம் ஒரே அச்சு. தாய் ஒரு மாதிரி, பிள்ளை வேறு மாதிரி, பேரப்பிள்ளை மறுபடி பாட்டி மாதிரி இருக்கும் இந்த விசித்திரத்துக்குத் தலைமுறை மாற்றம் என்று 1842-இல் ஸ்டீன்ஸ்ட்ரப் பெயர் வைத்தார். ஈரல் தட்டைப்புழுவின் முழுச் சுற்றையும் 1880-களின் தொடக்கத்தில் லூக்கார்ட், தாமஸ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

தட்டைப்புழுக்களிலேயே எனக்குப் பிடித்தது இரத்தத்தில் வாழும் சிஸ்டோசோமா. மற்ற தட்டைப்புழுக்கள் பெரும்பாலும் இருபாலுயிரி, இதில் மட்டும் ஆண் தனி, பெண் தனி. ஆண் அகலமாக இருக்கும், உடலை நீளவாக்கில் மடித்துப் பள்ளம் போல வைத்திருக்கும், ஒல்லியான பெண் அதற்குள் படுத்திருக்கும். வருஷக்கணக்கில் இப்படியே இருப்பார்கள். சாயமேற்றிய ஸ்லைடில் பார்த்தால் ஒரு புழு என்றுதான் தோன்றும், கூர்ந்து பார்த்தால் பள்ளத்தின் இரு ஓரத்திலும் இன்னொரு மெல்லிய உடல் எட்டிப் பார்க்கும். ஆண் கிடைக்காத பெண் முதிர்வதே இல்லை, முட்டையும் போடாது. ஏன் என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. விந்தணு தேவை இல்லை, தொட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்பது மட்டும் தெரியும். ஆண் புழு சுரக்கும் ஒரு சின்னஞ்சிறு பெப்டைடுதான் அந்தச் செய்தி என்று 2022-இல் காட்டினார்கள். இன்னொரு கணக்கு: ஒரு மிராசிடியத்திலிருந்து வரும் ஆயிரக்கணக்கான செர்கேரியாக்களும் ஒரே பால். ஆகவே ஒரே மிராசிடியம் புகுந்த நத்தை விடும் செர்கேரியாக்கள் மட்டுமே ஒருவருக்குள் நுழைந்தால் ஜோடியும் இல்லை, முட்டையும் இல்லை. முட்டை இல்லாவிட்டால் பெரிய நோயும் இல்லை, ஏனென்றால் இந்த நோயில் பாதிப்பைத் தருவது பெரும்பாலும் திசுக்களில் சிக்கிக்கொள்ளும் முட்டைகள்தான்.

நாடாப்புழுவில் இந்தக் கேள்வி ஒரு உயிரையே காப்பாற்றும். பன்றி நாடாப்புழு மனிதக் குடலில் வளர்ந்து, ஒவ்வொரு துண்டிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் தன்னோடு தானே சேர்ந்து, பல்லாயிரம் முட்டை நிரம்பிய துண்டுகளை உதிர்க்கிறது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் அந்தத் துண்டை அழுத்திப் பிடித்தால் கருப்பையின் கிளைகளை எண்ணலாம், ஒரு பக்கம் 7 முதல் 13 வரை என்றால் பன்றி வகை, பதினைந்துக்கு மேல் போனால் மாட்டு வகை. (கையுறை இல்லாமல் செய்யாதீர்கள், காரணம் அடுத்த வரியில்.) வேகாத இறைச்சியில் இருக்கும் லார்வாவைச் சாப்பிட்டால் குடலில் புழு வளரும். ஆனால் மூளையில் கட்டி வருவது இறைச்சியால் அல்ல. மனித மலத்திலிருந்து வந்த முட்டையை விழுங்குவதால். அப்போது மனிதன் பன்றியின் இடத்தில், இடைநிலை ஓம்புயிராக நிற்கிறான். 'நான் சைவம், எனக்கு எப்படி வந்தது' என்ற கேள்விக்கு இதுதான் பதில். இதில் ஒரு முட்டைக்கு ஒரு லார்வா, ஒரு லார்வாவுக்கு ஒரு புழு. நடுவில் பெருக்கம் கிடையாது. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் அப்படி அல்ல. அரை சென்டிமீட்டர் கூடத் தேறாத புழு, ஆனால் அதன் முட்டை ஆட்டுக்குள்ளோ மனிதனுக்குள்ளோ போனால் நீர்க்கட்டியாகி, அந்தக் கட்டியின் உள்சுவரில் நூற்றுக்கணக்கில் புழுத்தலைகள் முளைக்கின்றன. அறுவைச் சிகிச்சையில் கட்டி உடைந்து சிந்தினால் ஒவ்வொரு தலையும் புதுக் கட்டியாகக்கூடும் என்பதால்தான் அவ்வளவு ஜாக்கிரதை. லார்வா புழுவாகிறது என்பதை 1855-இல் குய்ஷென்மைஸ்டர் நிரூபித்த விதம் அருவருப்பானது: மரண தண்டனைக் கைதிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பின் குடலைத் திறந்து பார்த்தார்.

உருளைப்புழுவில் வேலை சுலபம். அஸ்காரிஸ் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு லட்சம் வரை முட்டையிடும், ஆனால் உங்கள் வயிற்றுக்குள் புழு எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. முட்டை வெளியே மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் தொற்றும் தகுதி வரும். 1922-இல் கொயினோ என்ற ஜப்பானிய மருத்துவர் தானே 2000 முட்டையை விழுங்கிவிட்டு, சளியில் லார்வாக்களைக் கண்டு நுரையீரல் பயணத்தை உறுதிசெய்தார். யானைக்கால் புழு கொசுவில் வளர்கிறது, பெருகுவதில்லை; உள்ளே போன எண்ணிக்கையைவிட வெளியே வருவது குறைவுதான். மலேரியாவுக்கு ஒரு கடி போதும், இதற்கு ஏராளமான கடி தேவைப்படுவது இதனால்தான். ஸ்டிராங்கிலாய்டிஸ் மட்டும் அடங்காப்பிடாரி: குடலில் ஆண் தேவைப்படாத பெண்புழு, கன்னி இனப்பெருக்கம், மண்ணில் மட்டும் ஒரு தலைமுறை ஆண் பெண்ணாக வாழ்கிறது, போதாததற்கு லார்வா குடலை விட்டு வெளியேறாமலே திரும்ப உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளின் உடலில் பல பத்தாண்டுகள் கழித்தும் இது உயிரோடு இருந்தது.

இதுவரை சொன்னது உறுதியானது. 'ஏன்' என்று கேட்டால் தரை கொஞ்சம் ஆடும். நகலெடுப்பு மலிவு, வேகம்; கூடல் மரபணுக்களைக் கலக்கிப் புது எதிரியைச் சமாளிக்க உதவும் என்பது பொதுவான விளக்கம், நியாயமானதுதான், ஆனால் ஒவ்வொரு கிருமியும் ஏன் குறிப்பிட்ட அந்த ஓம்புயிரில் கூடுகிறது என்பதை அது சொல்வதில்லை. மலேரியாவின் மூதாதை முதலில் பூச்சியில் இருந்ததா, முதுகெலும்பியில் இருந்ததா என்பதே இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. விடை ஓரளவு கிடைத்த ஓர் இடம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. அது எந்த வெப்பரத்த விலங்கிலும் நகலெடுக்கும், கூடுவது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும். 2019-இல் வந்த ஆய்வு, பூனையின் குடலில் டெல்டா-6-டீசாச்சுரேஸ் என்ற நொதி செயல்படாததால் அங்கே லினோலெயிக் அமிலம் மிகுந்து கிடக்கிறது, அதுதான் சைகை என்றது. எலியில் அந்த நொதியை மருந்தால் அடக்கி, அமிலத்தை உணவில் கொடுத்தபோது எலிக்குள்ளேயே ஊசிஸ்ட் உருவானது. எனக்கு இது பிடித்த ஆய்வு, ஆனாலும் இது 'எப்படி'க்கு விடை, 'ஏன்'க்கு அல்ல. அதோடு இந்தக் கிருமி பூனையே இல்லாமல் இறைச்சி வழியாக ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கவும் முடியும். காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியாவுக்கு நெடுங்காலம் பாலினப்பெருக்கமே இல்லை என்று கற்பித்தோம், நானும் கற்பித்திருக்கிறேன். 2009-இல் மணல் ஈக்குள் இரண்டு வகை சேர்ந்து கலப்பினம் உண்டாவதைக் காட்டிவிட்டார்கள். குடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவில் குன்றல் பகுப்புக்கான மரபணுக்கள் இருக்கின்றன, முழுமையான சுற்றை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் புத்தகத்தில் 'பாலினப்பெருக்கம் இல்லை' என்று இருந்தால் 'இதுவரை பார்க்கவில்லை' என்று படித்துக்கொள்ளுங்கள்.

படம் வரையும்போது எண்ணிக்கை ஏறும் அம்பில் ஒரு கூட்டல் குறி போடுங்கள், கூடல் நடக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள், மற்ற அம்புகளை மெல்லிய கோடாக விடுங்கள். பழக்கத்துக்கு டிரிக்கினெல்லா என்ற உருளைப்புழுவை வரைந்து பாருங்கள்: குடலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து லார்வாக்களை ஈனும், அந்த லார்வாக்கள் அதே விலங்கின் தசையில் போய்ச் சுருண்டு படுத்துவிடும், அந்தத் தசையை இன்னொரு விலங்கு தின்ன வேண்டும். எது இறுதி ஓம்புயிர், எது இடைநிலை என்று வரைந்து முடித்ததும் இங்கே கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.